வெறும் பீப்பாய் என்று வெட்டாதீர்கள்!

லயத்து வாசலில் தண்ணீர்ப் பீப்பாய் இல்லாத வீடு நமது தோட்டங்களில் குறைவு. பீலித் தண்ணீர் நின்றுபோகும் நாட்களில் அதுதான் துணை. பல வீடுகளில் இருப்பது 200 லீற்றர் இரும்புப் பீப்பாய். டீசலோ எஞ்சின் ஒயிலோ கொண்டுவந்து, காலியான பிறகு கைமாறி லயத்துக்கு வந்தது. வந்தவுடன் அதன் மேல்மூடியை வெட்டி எடுக்க வேண்டும். வெல்டிங் வேலை தெரிந்த பையனைக் கூப்பிடுகிறோம்.

"தம்பி, இந்த மூடியக் கொஞ்சம் வெட்டித் தாங்க."

"அதுக்கென்ன மாமா, அஞ்சு நிமிஷ வேலைதானே!"

அந்த ஐந்து நிமிஷத்தைப் பற்றித்தான் இம்முறை பேச நினைக்கிறோம். தோட்டத்தில் பேர் பதியாத இளைஞர்கள் பலர் இன்று கேட், கிறில், கூரைச் சட்டம் செய்து பிழைக்கிறார்கள். நல்ல தொழில். அதில் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கெடுதி உண்டு, அதையும் சொல்வோம். ஆனால் ஒரே நொடியில் ஆளைக் கொண்டுபோவது இந்தக் காலிப் பீப்பாய்தான்.

"உள்ளே ஒண்ணுமே இல்லையே, எப்படி வெடிக்கும்?" என்று கேட்பீர்கள். எண்ணெய் எரிவதில்லை, அதிலிருந்து எழும் ஆவிதான் எரிகிறது. அந்த ஆவி காற்றோடு கலந்தால்தான் தீப்பிடிக்கும். விளிம்பு வரை நிறைந்த பீப்பாய்க்குள் காற்றுக்கு இடமில்லை. காலிப் பீப்பாயிலோ ஆவியும் உண்டு, காற்றும் உண்டு. பெற்றோல் ஆவி காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு இருந்தாலே போதும், ஒரு பொறி பட்டால் வெடிக்கும். அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது. மூடியைத் திறந்து இரண்டு நாள் வெயிலில் போட்டு வைத்தாலும் அடியில் தங்கி நிற்கும்.

டீசல் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டீசல் சாதாரணமாக லேசில் பற்றாது, அதுவும் நுவரெலியாக் குளிரில் வாசனைகூடக் குறைவு. அதனால் பயமில்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் காஸ் சுவாலையோ கிரைண்டரோ இரும்பைச் சுட வைக்கும்போது, உள்சுவரிலும் விளிம்பு மடிப்பிலும் ஒட்டியிருக்கும் எண்ணெய் ஆவியாகிறது. சட்டியில் எண்ணெய் காய்வதைப் போலத்தான். மூடியை வெட்டுவது அந்த மடிப்பின் ஓரத்திலேதான் என்பதை யோசித்துப் பாருங்கள். வெடித்தால் முதலில் பறப்பது மூடி. வெட்டுகிறவர் அதன்மேல்தான் குனிந்து நிற்கிறார்.

இது அனுபவமில்லாத பையன்களுக்கு மட்டும் நடக்கிற காரியமல்ல. 2023 டிசம்பர் 27 ஆம் திகதி சென்னை தண்டையார்பேட்டையில், இந்தியன் ஒயில் நிறுவனத்தின் எண்ணெய் நிலையத்தில் காலியாக இருந்த எத்தனோல் தாங்கி ஒன்று வெல்டிங் வேலையின்போது வெடித்தது. ஒரு தொழிலாளி இறந்தார், இன்னொருவர் காயமடைந்தார். எண்ணெயோடு தினமும் பழகும் அவ்வளவு பெரிய இடத்திலேயே இப்படி என்றால், லயத்து வாசலில் நாம் எந்த மட்டில்?

அப்படியானால் என்ன செய்வது? முதல் யோசனை, நெருப்பே வேண்டாம். மேல்பக்கம் முழுதும் திறந்த பீப்பாய்களும், சாப்பாட்டுச் சாமான் வந்த நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்களும் கிடைக்கின்றன. சில நூறு ரூபா கூடினாலும் அதையே வாங்குங்கள். மருந்து வந்த பீப்பாயோ கேனோ எதற்கும் உதவாது. வெட்டினாலும் விஷப்புகை, தண்ணீர் பிடித்தாலும் விஷம்.

இரும்புப் பீப்பாயைத்தான் வெட்ட வேண்டுமென்றால், சவர்க்காரம் போட்ட சுடுதண்ணீரில் பல தடவை கழுவி, பிறகு வெட்டும் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, வாய்களைத் திறந்து வைத்து, உளியும் சுத்தியலும் கொண்டு வெட்டச் சொல்லுங்கள். ஆவி நிற்கக்கூடிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. பச்சைத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுவது கழுவியதாகாது, எண்ணெய் தண்ணீரில் கரையாது. மோந்து பார்த்து "வாடையே இல்ல" என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். சிலிண்டரில் உள்ள ஒக்சிஜனை உள்ளே அடித்துச் சுத்தம் செய்யலாமென்று யாராவது சொன்னால் அவரை அந்த இடத்தைவிட்டே அனுப்புங்கள். ஒக்சிஜன் தீயை இரட்டிப்பாக்கும். மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கி ஒழுகினாலும் இதே கதைதான். அதை வாசலில் வைத்துப் பற்ற வைக்கக் கூடாது.

அடுத்தது தீப்பொறி. பத்து மீற்றர் தூரம்கூட அது ஓடும், சிறு இடுக்கிலும் நுழையும். 1996 ஏப்ரல் 11 ஆம் திகதி ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் வாகனப் பாதையொன்றில் வெல்டிங் நடந்தது. பொறி பாதையின் இடுக்கு வழியே கீழே இறங்கி, கூரைக்குள் இருந்த ரெஜிபோம் போன்ற பொருளில் பற்றியது. 17 பேர் மாண்டார்கள். நமது பழைய லயங்களில் 10 அடிக்கு 12 அடிக் காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கின்றன. கூரைக்கடியில் விறகும் பழந்துணியும் அடைந்து கிடக்கின்றன. ஒரு காம்பராவின் கிறிலுக்கு வைத்த நெருப்பு பக்கத்து வீட்டு உடைமைகளைக் கேட்டுக்கொண்டா பரவும்? கழற்ற முடிந்ததைக் கழற்றி, வெளியே வெறுந்தரையில் வைத்துச் செய்யுங்கள். முடியாவிட்டால் சாமான்களை ஒதுக்கி, இரண்டு வாளித் தண்ணீர் வைத்து, வேலை முடிந்தும் ஒரு மணித்தியாலம் ஒருவர் காவலிருக்கட்டும். கனல் உடனே காட்டிக்கொடுக்காது. மழையில், ஈரத்தரையில் நின்று வெல்டிங் அடிப்பது கரண்டைக் கையைப் பிடித்துக் கூப்பிடுவது போல.

கண்ணைப் பற்றி அம்மாமார் கவனிக்க வேண்டும். வெல்டிங் வெளிச்சத்தைப் பிள்ளைகள் பட்டாசு பார்ப்பதைப் போலக் கூடி நின்று பார்க்கிறார்கள். அப்போது ஒன்றும் தெரியாது. ஆறேழு மணித்தியாலம் கழித்து, நடுச்சாமத்தில் கண்ணில் மணல் போட்டதுபோல் குத்தும், தண்ணீர் கொட்டும். வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிர்கள் கருவிழியின் மேல்தோலைச் சுட்டிருக்கின்றன. பெரும்பாலும் இரண்டு நாளில் ஆறும். தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு வைத்துக் கட்டுவது எதுவும் வேண்டாம், கிருமி சேரும். இருட்டில் படுக்க வைத்து, காலையில் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போங்கள். வேலை செய்கிறவருக்கு 10 அல்லது 11 ஆம் நம்பர் கறுப்புக் கண்ணாடி உள்ள முகமூடி வேண்டும். எக்ஸ்ரே படமும் கூலிங் கிளாசும் போதாது.

நாகம் பூசிய தகரத்தையும் குழாயையும் பற்ற வைக்கும்போது வெள்ளைப் புகை வரும். அன்று மாலை குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால், அது மழையில் நனைந்த காய்ச்சல் அல்ல, நாகப் புகைக் காய்ச்சல். மறுநாள் விட்டுவிடும் என்பதால் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. பால் குடித்தால் புகை முறியும் என்பது வெறும் பேச்சு. பால் வயிற்றுக்குப் போகிறது, புகையோ நெஞ்சுக்குப் போகிறது. காற்றோட்டமான இடத்தில், காற்று முதுகுப்பக்கம் வரும்படி நின்று வேலை செய்வதே மருந்து.

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலைத் தொழிற்சாலைக்கும் பொருந்தும். எரியும் பொருள் இருந்த தாங்கியை, அந்தப் பொருளையும் ஆவியையும் நீக்காமல் வெல்டிங் செய்யச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பெக்டரியில் அப்படி ஒரு வேலை வந்தால், "முதல்ல கழுவித் தாங்க ஐயா" என்று கேட்பது எதிர்த்துப் பேசுவதாகாது. வேலையில் காயம்பட்டால் 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டப்படி கோரலாம். அதனால் விபத்தை அன்றைக்கே எழுத்தில் அறிவித்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். லயத்து வாசலில், யாருக்கோ, 500 ரூபாவுக்கு மூடி வெட்டும் பையனுக்கு அப்படிக் கேட்கப் போவதற்கு முதலாளி என்று ஒருவர் இல்லை.

தீக்காயம் பட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். பற்பசை, மை, நெய் பூச வேண்டாம். ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். 1990 க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும், எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லி, ரோட்டு முனையில் ஓர் ஆளை நிறுத்துங்கள்.