எஞ்சினும் தெண்டரும்

பசறைக்குத் தண்டவாளம் வந்ததில்லை. அவ்வூர்ப் பிள்ளைகள் புகையிரதத்தைக் காணப் பதுளைக்கே செல்லல் வேண்டும். பதுளையை அது அடைந்தது 1924ஆம் ஆண்டிலாகும். நீராவி எஞ்சின் அன்றாடச் சேவையினின்றும் நீங்கிப் பல்லாண்டுகளாயின. எனினும் கடுகண்ணாவையில் 2014இல் திறக்கப்பட்ட புகையிரத நூதனசாலையிலும், ஆர்வலர் செய்துவைக்கும் மாதிரி வண்டிகளிலும் அதன் உருவை இன்றும் காணலாம்.

முன்னே கொதிகலம் தாங்கிய எஞ்சின். பின்னே நீரும் நிலக்கரியும் சுமக்கும் தெண்டர். காண்போர்க்கு இரண்டும் ஒன்றெனவே தோன்றும். உண்மையில் அவை இரு வேறு வண்டிகள். ஓர் இழுவைத் தண்டும், அதன் இரு முனைகளிலும் செருகிய உருக்கு முளைகளுமே அவற்றைப் பிணிக்கின்றன. தண்டு முறியின் காப்பதற்குப் பக்கங்களிற் சங்கிலிகள் உள. நீர் செல்வதற்கு வளையுங் குழாய்கள் உள. இப்பிணிப்புத் தளர்ந்தும் இருத்தலாகாது, விறைத்தும் இருத்தலாகாது. மலைநாட்டுப் பாதையின் கடும் வளைவுகள் 5 சங்கிலி, அதாவது 330 அடி ஆரையுடையன. அங்கே விறைத்த பிணிப்புச் சில்லுகளைத் தண்டவாளத்தினின்றும் தள்ளிவிடும்.

ஏற்றமோ 44க்கு 1. தெண்டருக்குப் பின்னுள்ள பெட்டிகள் 150 தொன் எனக் கொண்டால், உராய்வை நீக்கியும், அவை ஏறத்தாழ 3.4 தொன் விசையுடன் கீழ்நோக்கி இழுக்கும். எஞ்சினை அடுத்த தண்டு தெண்டரின் பாரத்தையுஞ் சேர்த்துத் தாங்குதலால், தொடர் முழுவதிலும் மிக வருந்துவது அதுவே. 1927இல் இலங்கைக்கு வந்த கரற் எஞ்சினுக்கு இத்தொல்லை இல்லை. நீரையும் கரியையும் அது தன்மேலேயே சுமந்தது.

பெட்டிகளைக் கொழுவுந் தொழிலாளர்க்கு ஆபத்து வேறு வகையினது. வண்டி முற்றாக நின்ற பின்னரே அவர் இடையிற் புகுதல் வேண்டும். கழற்றும்போது முதலிற் பெட்டிகளின் தடையை இறுக்கிய பின்னரே கொக்கியில் கை வைத்தல் தகும். சரிவில் இம்முறை மாறினால், பெட்டிகள் தாமாகவே உருளத் தொடங்கிவிடும்.

மாதிரி வண்டியிலும் பலவீனமான இடம் அதுவே. கொழுவியபடி இரண்டையும் ஒரு கையால் தூக்குவோர் பலர். மெல்லிய தண்டு வளைவதும், மின்னால் ஓடுவதாயின் கம்பி அறுவதும் அதனாலேயே. முதலிற் கழற்றி, எஞ்சினை ஒரு முறையும் தெண்டரை ஒரு முறையுமாக எடுத்தல் நன்று. சில்லுகளை இணைக்குங் கோல்களிற் பிடித்தலாகாது. அடிச்சட்டத்தையே பற்றுதல் வேண்டும். மீண்டுங் கொழுவுவது நேரான பாதையில், மின்னோட்டத்தை நிறுத்திய பின்னர். மெய்யாகவே நீராவி எழுப்பும் மாதிரியாயின், விளக்கை அணைத்து, அமுக்கம் முற்றாக இறங்கிக் கொதிகலம் ஆறும்வரை தொடாதிருத்தல் வேண்டும். சிறு கொதிகலத்து நீராவியும் விரலைப் பொசுக்கும்.