நற்கருணை: பரிசன்று, மருந்து

நோய் முற்றும் நீங்கிய பின்னரே மருந்துண்பேன் என்று ஒருவன் கூறின் உலகம் நகைக்கும். ஆயினும் ஆன்மாவின் மருந்தெனத் திருச்சபை போற்றும் திவ்விய நற்கருணையைப் பொறுத்தவரை, பக்தியுள்ள கத்தோலிக்கர் பலர் நெடுங்காலம் அவ்வாறே எண்ணி வந்தனர்.

ஆதித் திருச்சபையிலே அப்பம் பிட்குதல் வழிபாட்டின் நடுநாயகமாக விளங்கிற்று. காலப்போக்கில் விசுவாசிகள் பீடத்தை அணுகுவது அருகிற்று. ஆதலினாலேயே 1215ஆம் ஆண்டில் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், ஆண்டுக்கு ஒருமுறையேனும், பாஸ்கு காலத்தில், நற்கருணை உட்கொள்ளவேண்டுமெனக் கட்டளையிட நேர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டிலே பிரான்சு தேசத்து ஜான்சேனியர், தகுதியைப் பற்றிய அச்சத்தை மேலும் வளர்த்தனர். அவர்களுள் ஒருவரான அந்துவான் ஆர்னோ 1643இல் வெளியிட்ட நூல், கடுந்தவமும் நீண்ட ஆயத்தமும் இல்லாதார் விலகியிருத்தலே நன்று என்னும் எண்ணத்தைப் பரப்பிற்று.

இவ்வச்சத்தை அகற்றியது, பத்தாம் பத்திநாதர் பாப்பரசரின் காலத்தில், 1905 டிசம்பரில் வெளியான ஆணையாகும். நற்கருணை புண்ணியவான்களுக்கு அளிக்கப்படும் பரிசன்று. பலவீனர் பாவத்தை வெல்வதற்கான துணை என்று அது தெளிவுபடுத்திற்று. சாவான பாவம் இல்லாதிருத்தலும் நேரிய நோக்கமும் போதும். சிறு குற்றங்கள் தடையாகா. பழக்கத்தினாலோ, வீண் பெருமையினாலோ, பிறர் மெச்சவேண்டுமென்றோ அணுகுதல் மட்டும் ஆகாது. நள்ளிரவு முதல் நீரும் அருந்தாதிருக்கும் பழைய ஒழுங்கும் 1953இல் தளர்த்தப்பட்டு, 1964இல் ஒரு மணிநேர உபவாசமாயிற்று.

அடிக்கடி உட்கொள்வதால் விளையும் பயன் யாது? ஏனைய உணவு உண்பவனின் உடலாக மாறும். இவ்வுணவோ உண்பவனைத் தன்மயமாக்கும் என்பது அர்ச்சியசிஷ்ட அகுஸ்தீனாரின் கருத்து. அம்மாற்றம் ஒருநாளில் நிகழ்வதன்று. அன்றாடக் குறைகள் சிறிது சிறிதாகக் கழுவப்பட, அன்பு வேரூன்றுகிறது. மேலும், ஒரே அப்பத்தில் பங்குபெறுவோர் ஒரே உடலாகின்றனர். கொரிந்து நகரில் செல்வர் வயிறார உண்ண, வறியவர் பசித்திருந்தமையைச் சின்னப்பர் கடிந்துரைத்தது இதனாலன்றோ? அயலானோடு பகைமை பாராட்டுபவன் பந்தியின் பயனை இழக்கிறான்.

உணவின் அருமையைப் பசித்தவரே அறிவர். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானதும் கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். 1687இல் யோசவ்வாஸ் முனிவர் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், அங்குள்ள விசுவாசிகள் குருவானவரின்றித் தவித்தனர். பின்னர் அவர் இரவில் மறைவாக நிறைவேற்றிய பூசைக்கு, ஆபத்தையும் பொருட்படுத்தாது வந்து கூடினர். அவர்களும் குறையுள்ள மாந்தரே. தகுதி நிறைந்துவிட்டதென்று எண்ணி அவர்கள் வரவில்லை, பசித்திருந்தமையால் வந்தனர். தன் குறையை நினைந்து பீடத்தினின்று ஒதுங்கி நிற்பவன், உண்மையாய் மனம் வருந்திப் பாவசங்கீர்த்தனம் செய்து, அந்தப் பசியோடு அணுகுவானாயின் அதுவே தக்க ஆயத்தமாகும்.