பிட்காயின் சார்பில் யார் பேசுவது?

2013 மே மாதம் கலிஃபோர்னியா மாநில நிதி நிறுவனங்கள் துறை பிட்காயின் பவுண்டேஷனுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. உரிமம் பெறாமல் பணப் பரிமாற்றத் தொழில் செய்வதாகத் தெரிகிறது, அப்படியானால் உடனே நிறுத்துங்கள் என்பது அதன் சாரம். பிட்காயினை வாங்கி விற்பது அந்த அமைப்பின் தொழிலாக இருக்கவில்லை. பிட்காயின் மென்பொருளை எழுதுவோருக்குச் சம்பளம் கொடுத்து, மாநாடு நடத்திவந்த லாபநோக்கற்ற சங்கம் அது. அதையே பதிலாகவும் எழுதியது. ஆனாலும் அரசின் நிலை புரிகிறது. கடிதம் அனுப்ப ஒரு முகவரி வேண்டும்; பிட்காயின் பெயரைத் தாங்கிய அமைப்பே முதலில் கண்ணில் படும்.

பிட்காயினுக்கென்று முகவரி கிடையாது. சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் எழுதிய யாரோ 2009 ஜனவரியில் அதைத் தொடங்கிவைத்து, 2011-க்குள் ஒதுங்கிக்கொண்டார். பரிவர்த்தனைகளைப் பதியும் கணக்குப் பேரேட்டின் நகல் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. மொத்தம் 2.1 கோடி காசுகளுக்கு மேல் உருவாகக் கூடாது என்பது போன்ற விதிகளை ஒவ்வொரு கணினியும் தானே சரிபார்க்கிறது. விதியை மாற்றும் மென்பொருளை யாரும் எழுதலாம். அதை ஏற்பதா வேண்டாமா என்பது அந்தந்தக் கணினியின் சொந்தக்காரர் கையில்.

பிரதிநிதி என்று யாரைச் சொல்கிறோம்? அவர் ஒப்புக்கொண்டால் அவரை அனுப்பியவர்கள் கட்டுப்பட வேண்டும். தொழிற்சங்கத் தலைவர் கையெழுத்திட்டால் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்புகிறார்கள். பிட்காயினில் இதற்கு வழியில்லை. 2017 மே மாதம் நியூயார்க்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஓர் ஒப்பந்தம் செய்தன. பரிவர்த்தனைகளைச் சுமக்கும் பிளாக்கின் அளவை இரட்டிப்பாக்குவது அதில் ஒரு முக்கிய அம்சம். புதிய பிளாக்குகளை உருவாக்கும் கணினித் திறனில், அதாவது வலையமைப்பின் மைனிங் திறனில், எண்பது சதவீதத்துக்கு மேல் தங்கள் பக்கம் என்றார்கள். மென்பொருள் எழுதுவோரில் பெரும்பாலோரும் சாதாரணப் பயனர்கள் பலரும் மறுத்தார்கள். நவம்பர் 8 அன்று அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அவ்வளவு பணமும் இயந்திரங்களும் சேர்ந்தும் மற்றவர்களுக்காகக் கையெழுத்திட முடியவில்லை. பிட்காயினைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான சம்பவம் எனக்குத் தெரியாது.

பவுண்டேஷனின் கதை இன்னொரு ஆபத்தைக் காட்டுகிறது. லினக்ஸ் மென்பொருளை ஆதரிக்கும் லினக்ஸ் பவுண்டேஷனைப் பார்த்து 2012-இல் தொடங்கிய அமைப்பு அது. 2013 நவம்பரில் அதன் வழக்கறிஞர் பாட்ரிக் மர்க் அமெரிக்க செனட் குழுவின் முன் பிட்காயினைப் பற்றி விளக்கினார். அன்றைய நிலையில் அது தேவைப்பட்ட பணிதான். ஆனால் 2014 ஜனவரியில் துணைத் தலைவர் சார்லி ஷ்ரெம் கைதானார். அடுத்த மாதமே, நிர்வாகக் குழுவிலிருந்த மார்க் கார்ப்பெலஸ் நடத்திய, பிட்காயின் வாங்கி விற்கும் தளமான மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் திவாலானது. இருவரும் பதவி விலகினார்கள். பிட்காயினுக்கு முகமாக நின்ற அமைப்பு என்பதால், அதன் களங்கம் பிட்காயின்மீதும் படிந்தது. 2015-இல் பவுண்டேஷன் கிட்டத்தட்டத் திவால் என்று நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரே பகிரங்கமாகச் சொன்னார். அப்போதும் பிட்காயின் பரிவர்த்தனைகள் வழக்கம்போல் நடந்தன.

அதற்காக அமைப்புகளே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. வழக்கு வந்தால் தனியாளாகத் தாங்க முடியாது. தானே சடோஷி என்று உரிமை கோரிய கிரெய்க் ரைட்டின் தரப்பு அவர்களைப் பிரிட்டிஷ் நீதிமன்றத்துக்கு இழுத்தபோது அது தெரிந்தது. 2022 ஜனவரியில் ட்விட்டர் நிறுவனர்களில் ஒருவரான ஜாக் டோர்சி அவர்களுக்காகச் சட்டப் பாதுகாப்பு நிதி ஒன்றை அறிவித்தார். நிறுவனங்களின் கூட்டணி ஒன்று தொடுத்த வழக்கில், ரைட் சடோஷி அல்ல என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது. சம்பளம், வழக்கு, விளக்கம் என்று ஒவ்வொரு வேலையையும் ஒவ்வோர் அமைப்பு தன் சொந்தப் பெயரில் செய்யட்டும். ஒன்று சாய்ந்தால் மற்றவை நிற்கும். 'நாங்கள்தான் பிட்காயின்' என்று ஒன்று கிளம்பும்போதுதான் அரசு அதன் கழுத்தைப் பிடிக்கிறது, பயனரும் அதை நம்பி ஏமாறுகிறார்.

பிட்காயின் சார்பில் பேச யாரும் இல்லை என்பது நம் வாசகருக்கும் முக்கியம். 'பிட்காயின் தலைமை அலுவலகத்திலிருந்து பேசுகிறோம்' என்று யாராவது அழைத்தால் அது மோசடி. அப்படி ஓர் அலுவலகம் எந்த நாட்டிலும் இல்லை. எக்ஸ்சேஞ்சில் கணக்கிருந்தால் அந்த எக்ஸ்சேஞ்சிடம் புகார் சொல்லலாம். காசைச் செலவிடத் தேவையான ரகசியச் சாவியை நீங்களே வைத்திருந்து தொலைத்துவிட்டால், மீட்டுத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவருக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.