உங்களுக்குத் தெரியுமா? உப்புக்குள் ஹைட்ரஜன் கிடங்கு

● இங்கிலாந்தின் டீஸைடில், சுமார் 350 மீட்டர் ஆழத்தில், உப்புப் படிவத்துக்குள் இருக்கும் மூன்று குகைகளில் 1972 முதலே ஹைட்ரஜனைச் சேமித்து வருகிறார்கள்.

● இந்தக் குகைகளைக் குடைய ஆள் இறங்குவதில்லை. துளையிட்டு நன்னீரைச் செலுத்தினால், உப்பு கரைந்து மேலே வந்துவிடும். ஒரு கன மீட்டர் இடம் கிடைக்க ஏழெட்டு கன மீட்டர் தண்ணீர் செலவாகும். பிறகு சோனார் கருவியை இறக்கிக் குகையின் வடிவத்தை அளந்து, கணினியில் ஏற்றுவார்கள்.

● கணினிக்கு அங்கே என்ன வேலை? பாறை உப்பு அசையாமல் இருப்பதில்லை. மேலே உள்ள பாறைகளின் பாரம் அழுத்த அழுத்த, கெட்டிப் பாகு போல மெல்லக் குகைக்குள் பிதுங்கும். உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம்தான் அதை மட்டுப்படுத்துகிறது. அழுத்தம் குறைந்தால் குகை வேகமாகச் சுருங்கும். அளவு மீறினால் சுவர் விரிசல் விடும். இந்த இரண்டு எல்லைகளையும் கணக்கிட்டுச் சொல்வதே கணினி மாதிரியின் முதல் கடமை. குகையில் ஒரு பங்கு வாயுவை எப்போதும் வெளியே எடுக்காமல் விட்டுவைப்பதும் இதனால்தான்.

● இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள எமினன்ஸ் என்ற இடம் காட்டியது. 1970களின் தொடக்கத்தில், அங்கே மிக ஆழத்தில் இருந்த இயற்கை எரிவாயுக் குகை ஒன்று இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய 40 சதவீதக் கொள்ளளவை இழந்தது. ஆழம் கூடினால் பாரமும் வெப்பமும் கூடும். உப்பு நகரும் வேகம் பாரத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறுவதாக வைத்துக்கொண்டால், பாரம் இரட்டிக்கும்போது வேகம் 32 மடங்காகும்.

● வாயுவை அவசரமாக வெளியே எடுத்தால் குகை குளிர்ந்து, சுவரில் வெடிப்பு விழலாம். காற்றாலை, சூரிய மின்சாரத்துக்கு ஏற்ப அடிக்கடி நிரப்பிக் காலி செய்யும் குகைக்கு வெப்பக் கணக்கும் சேர்ந்தே ஓட வேண்டும்.

● அடியில் தேங்கும் உப்புநீரில் சில பாக்டீரியாக்கள் வாழும். ஹைட்ரஜனைத் தின்று, அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்பைடை அவை வெளியிடும்.

● ஆஸ்திரியாவின் ஆல்ட்டவுஸே உப்புச் சுரங்கம், இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் கொள்ளையடித்த ஓவியங்களைப் பதுக்கிய இடம். வெப்பநிலை மாறாத அதே சுரங்கத்தில், உப்புத் துண்டுகள் மீது ஆய்வாளர்கள் மிகக் குறைந்த பாரம் ஏற்றிப் பல மாதங்கள் காத்திருந்து, உப்பு நகரும் வேகத்தை அளந்தார்கள். ஆய்வகச் சூத்திரத்தை நீட்டிப் போட்ட கணக்கைவிட, உப்பு பல்லாயிரம் மடங்குக்கும் மேல் வேகமாக நகர்ந்தது! பொறுமையான இந்தச் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். குகைகளுக்கும் இது பொருந்தும்: குகையிலிருந்து தள்ளியிருக்கும் உப்பின் மீது அழுத்த வேறுபாடு குறைவுதான். ஆனால் அதன் பரப்பு மிகப் பெரியது. அங்கே உப்பு நகரும் வேகத்தையும் கணினி மாதிரியில் சேர்த்தால், குகை சுருங்கும் வேகமும் மேலே தரை தாழும் அளவும் வேறாக வருகின்றன.