கரித்துணியிலிருந்து தொடங்குவோம்

வீட்டில் ஒருவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் முந்தின நாள் கடையில் சாப்பிட்ட பரோட்டாவின் மேல்தான் முதல் சந்தேகம் விழும். இரண்டு நாளில் தம்பிக்கு, பிறகு பாட்டிக்கு என்று வரிசையாகப் படுத்தால் அந்தக் கணக்கு உதைக்கிறது. பாட்டி பரோட்டாவைத் தொடவே இல்லையே! குழாய்த் திருகு, தாழ்ப்பாள், ஃபிரிட்ஜ் கைப்பிடி என்று எல்லோர் கையும் படுகிற இடங்கள் வழியாகக் கிருமி வீட்டுக்குள்ளேயே கைமாறியிருக்கலாம். இந்தப் பட்டியலில் நாம் சேர்க்க மறப்பது சமையலறைக் கரித்துணி.

பழைய பனியனைக் கிழித்து வைத்திருப்போம். காலையில் பால் பொங்கினால் அதுதான் துடைக்கும். மாவு சிந்தினாலும், மீன் கழுவிய தண்ணீர் தெறித்தாலும் அதே துணிதான். ஓர் அலசு அலசி, பிழிந்து, குழாய் மேல் மடித்துப் போட்டுவிடுவோம். மடிப்புக்குள் ஈரம், ஒட்டிய உணவுத் துணுக்கு, நம் ஊர் வெக்கை. பாக்டீரியாவுக்கு வேறென்ன வேண்டும்? சூழல் தோதாக அமைந்தால் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். சாயங்காலம் அந்தத் துணியை முகர்ந்து பார்த்தாலே தெரியும். அதைக் கொண்டு மேடையைத் துடைத்தால் மேடை முழுக்கக் கிருமியைப் பூசிவிடுகிறோம்.

செலவில்லாத வழி இருக்கிறது. மூன்று நான்கு துணிகளை வைத்துக்கொண்டு தினமும் மாற்றுங்கள். சோப்புப் போட்டுத் துவைத்து, விரித்து, வெயிலில் மொடமொடவென்று காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்த துணியில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருக முடியாது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சையும் பிழிந்து நிறுத்தி வையுங்கள். நாற்றம் வந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

கழுவுவது வேறு, கிருமியைக் கொல்வது வேறு. சோப்புத் தண்ணீர் எண்ணெய்ப் பிசுக்கோடு கிருமியையும் பெயர்த்து எடுத்துப் போய்விடும். அன்றாடத்துக்கு அது போதும். கண்ட கண்ட ஸ்பிரேக்களை வாங்கி அடுக்க வேண்டியதில்லை. பிளீச் தேவைப்படுவது வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாதபோதும், பச்சைக் கறி புழங்கிய பிறகும்தான். அப்போதும் முதலில் சோப்பு, பிறகே பிளீச். அழுக்கின் மேல் பிளீச்சை ஊற்றினால் அழுக்கோடு மல்லுக்கட்டியே அதன் வீரியம் தீர்ந்துவிடும்.

பச்சைக் கோழியைக் கழுவவே கூடாது என்று மேல்நாட்டு உணவுத் துறைகள் சொல்கின்றன. மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் அலசுகிற நம் வீடுகளில் அது எடுபடாது. குறைந்தபட்சம், திறந்த குழாயில் பிடிக்காமல் பாத்திரத்துக்குள் வைத்துத் தெறிக்காமல் அலசுங்கள். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் தெறிக்கும் தண்ணீரோடு பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லிக்கும் போய்விடும். கோழி நெருப்பில் வேகும், கொத்தமல்லி வேகாது. முடிந்ததும் தொட்டி, பலகை, கத்தி, குழாய்த் திருகு எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸுக்குச் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. கையுறை போட்டு, சிந்திய வாந்தியைக் காகிதத்தால் வழித்தெடுத்து, அந்த இடத்தைச் சோப்பால் கழுவியபின் பிளீச் கரைசலைத் தடவுங்கள். பாட்டிலில் 5 சதவீதம் சோடியம் ஹைபோகுளோரைட் என்றிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி போதும். தடவிய கையோடு துடைத்தால் பயனில்லை. பத்து நிமிடம் ஈரமாகவே இருக்கட்டும். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டீல் கறுத்துப்போகும்.

ஃப்ளூ வைரஸ் ஸ்டீல், பிளாஸ்டிக் பரப்புகளில் 24 முதல் 48 மணி நேரம் வரை உயிர்ப்போடு இருக்கும். அதனால் காய்ச்சல் வந்த வீட்டில் டிவி ரிமோட்டையும் சுவிட்சுகளையும் மறக்க வேண்டாம். செல்போனுக்கு பிளீச் ஆகாது. அணைத்துவிட்டு, 70 சதவீத ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

ஃபினாயில் வாசம் வந்தால் வீடே சுத்தம் என்றொரு நம்பிக்கை நமக்கு உண்டு. தவழும் குழந்தையோ, தரையில் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கமோ இருந்தால் தரை முக்கியம்தான். மற்றபடி அதற்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியைக் கைப்பிடிகளுக்குக் கொடுக்கலாம்.

பிளீச்சோடு கழிவறை கழுவும் ஆசிடைக் கலந்துவிடாதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு, சன்னலில்லாத குளியலறையில் மூச்சையே முட்டவைக்கும். வினிகரும் சேரக்கூடாது. மீந்த கரைசலைப் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றியும் வைக்காதீர்கள். தண்ணீரென்று நினைத்து யாராவது குடித்துவிடுவார்கள். மறுநாளைக்குள் வீரியம் குறைந்துவிடும் என்பதால், அதைச் சேர்த்து வைத்தும் புண்ணியமில்லை.