பத்து நூல்களும் ஒரு கடிதமும்

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் ஞாபகார்த்த மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். இலங்கை முஸ்லிம்களின் பூர்வீகம்தான் பொருள். உமையா கலீபா அப்துல் மலிக் பின் மர்வானின் கொடுமை தாங்காமல் ஹாஷிம் குலத்து அரபிகள் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்தார்கள். திருகோணமலை, யாழ்ப்பாணம், மாந்தை–மன்னார், குதிரைமலை, புத்தளம், கொழும்பு, பேருவளை, காலி ஆகிய எட்டு இடங்களில் குடியேறினார்கள் என்று நேரில் பார்த்தவன் போல எழுதியிருந்தேன். வாசித்தவர்கள் நல்லா இருக்கு என்றார்கள். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் என் தங்கச்சி மகள் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

“மாமா, இத யாரு சொன்ன?”

“எல்லாப் புத்தகத்திலயும் இரிக்கே புள்ள.”

“எல்லாப் புத்தகத்துக்கும் யாரு சொன்ன?”

பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவு அலுமாரியில் இருந்த நூல்களை இறக்கி அடிக்குறிப்புகளைப் பார்க்கத் தொடங்கினேன். ஒன்று முந்திய நூலைக் காட்டியது; அது அதற்கு முந்தியதைக் காட்டியது. சில நூல்கள் ஒன்றையும் காட்டவில்லை. ஒரு கிழமை தேடிய பிறகு எல்லாப் பாதைகளும் ஒரே இடத்தில் வந்து நின்றன: 1827இல் லண்டன் றோயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் வெளியீட்டில் அச்சான ஒரு கடிதம்.

எழுதியவர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன். இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்துவிட்டு இங்கிலாந்து திரும்பியவர். கொழும்பு முஸ்லிம் மையவாடியில் கிடைத்த கூஃபி எழுத்துக் கல்வெட்டு ஒன்றின் வாசிப்பை அதே வெளியீட்டில் கேம்பிரிட்ஜ் அரபுப் பேராசிரியர் சாமுவேல் லீ தந்திருந்தார். அதற்குத் துணையாக ஜோன்ஸ்டன் எழுதியதே இந்தக் கடிதம். ஹாஷிம் குலம், அப்துல் மலிக், எட்டு ஊர்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் அவற்றைச் சொல்லும்போது, இது அவர்களின் சந்ததியினரிடையே வழங்கிவரும் மரபு என்று ஜோன்ஸ்டன் தெளிவாகவே குறிப்பிடுகிறார். பிறகு வந்த நூல்களில் செய்தி நின்றது, “மரபு” என்ற சொல் மட்டும் உதிர்ந்துவிட்டது. என் கட்டுரையிலும் அதுதான் நடந்தது.

ஹதீஸ் கலை வழியாக இதை விளங்குவது நமக்கு இலேசு. பலர் பல வழிகளில், பொய்யில் ஒன்றுபட முடியாத அளவுக்கு அறிவித்த செய்தி முதவாத்திர். ஒருவரில் வந்து நிற்பது ஆஹாத். பத்து நூல்களில் இருக்கிறதே என்று நான் முதவாத்திராக எண்ணியது, சங்கிலியைப் பிடித்துப் போனால் ஒரே அறிவிப்பாளரில் முடிகிறது. அந்த அறிவிப்பாளரும் தனக்குச் சொன்னவர்களின் பெயரைத் தரவில்லை. சம்பவத்துக்கும் கடிதத்துக்கும் இடையில் ஆயிரத்து நூறு வருடம். இதனால் செய்தி பொய்யாகிவிடாது. அதன் தரம் இன்னது என்று சொல்லி எழுத வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கல்வெட்டோ பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கல் சொல்வதற்கும் மரபு சொல்வதற்கும் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. கல்லைக் கல்லாகவும் மரபை மரபாகவும் எழுதினால் இரண்டுக்கும் மரியாதை.

அறிவிப்பாளர் யார் என்பதோடு, எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னார் என்பதும் முக்கியம். பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் றோயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இலங்கைக் கிளையில் வாசித்த கட்டுரையை எடுப்போம். மொழி, பழக்கவழக்கம், தோற்றம் ஆகியவற்றைக் காட்டி, இலங்கைச் சோனகர் இஸ்லாத்தைத் தழுவிய தமிழரே என்று வாதிட்டார். அவர் அப்போது சட்டநிரூபண சபையில் தமிழ்ப் பிரதிநிதி. முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி தேவையா என்ற கேள்வி கிளம்பியிருந்த காலம் அது. அடுத்த வருடமே எம்.சி. அப்துல் ரஹ்மான் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

இராமநாதனுக்கு மறுப்பாக ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய ஆங்கில நூல் 1907இல் வந்தது. ஜோன்ஸ்டன் சொன்ன மரபு அதில் பெரிய ஆயுதம். நமக்காக எழுதியவர் என்ற நன்றி எனக்கு நிறையவே உண்டு. ஆனாலும் வாதத்துக்காக எழுதிய நூலை வாதமாகத்தான் வாசிக்க வேண்டும். இராமநாதனைச் சந்தேகத்தோடும் அஸீஸை நம்பிக்கையோடும் வாசிப்பது ஆராய்ச்சி அல்ல, கட்சி. இருவருமே ஒரே ஒரு மூலத்தைத் தேடினார்கள். தென்னிந்தியக் கரையோடு நமக்கிருந்த மண உறவும் அரபிகளோடு இருந்த உறவும் ஒரே குடும்பத்திலேயே கலந்திருக்கலாம் என்பதற்கு அந்த விவாதத்தில் இடம் குறைவு.

லோர்னா தேவராஜாவின் இலங்கை முஸ்லிம்கள் பற்றிய ஆங்கில நூல் 1994இல் வெளிவந்தது. தலைப்பிலேயே ஆயிரம் வருட இன நல்லிணக்கம் என்று சொல்லி, கணக்கை 1915இல் நிறுத்துகிறது. கண்டி அரசர்களின் கீழ் முஸ்லிம்கள் வைத்தியர்களாகவும் தவளம் ஓட்டிய வணிகர்களாகவும் வாழ்ந்ததை அறிய நான் முதலில் கைக்காட்டுவது அந்த நூலைத்தான். அது வந்தது, வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு நான்கு வருடத்தில். நல்லிணக்கத்தை நினைவூட்ட வேண்டிய தேவை அப்போது இருந்தது. அந்தத் தேவையைத் தெரிந்துகொண்டு வாசித்தால், நூல் எதை விரிவாகச் சொல்கிறது, எதைச் சுருக்கமாகக் கடக்கிறது என்பது பிடிபடும்.

சட்ட நூல்களில் இஸ்னாதோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும்: நாஸிக், மன்ஸூக். எது எதை நீக்கியது? 1806ஆம் ஆண்டின் முகம்மதியச் சட்டக்கோவையை இன்றும் சிலர் மேற்கோள் காட்டிக் கதைப்பதைக் கேட்டிருக்கிறேன். ஒல்லாந்தர் பத்தாவியாவில் தொகுத்திருந்ததை எடுத்து, கொழும்பு முஸ்லிம் தலைவர்களிடம் கேட்டுத் திருத்தி, ஆங்கிலேயர் பிரகடனம் செய்தது அது. 1852இல் முழுத் தீவுக்கும் விரிவானது. விவாகம் பற்றி 1929இல் புதிய கட்டளைச் சட்டம் வந்தது. மரண சாசனமின்றி இறந்தவரின் சொத்துக்கு 1931இன் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். பின்னர் 1951இன் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். 1806ஐ வரலாறாக வாசிக்கலாம். வாரிசுப் பங்கு பிரிக்க அதை எடுத்துக்கொண்டு போனால் பிழைத்துவிடும்.

1931இன் சட்டம் பங்கீட்டு விபரம் எதையும் தானே சொல்வதில்லை. இறந்தவர் எந்த மத்ஹபைச் சேர்ந்தவரோ அந்தச் சட்டப்படி என்று சொல்லி, நம்மைப் பிக்ஹ் கிதாபுகளிடம் திருப்பி அனுப்புகிறது. ஷாபிஈகளுக்கு இமாம் நவவியின் மின்ஹாஜ் முக்கியமானது. அதை வான் டென் பெர்க் 1880களில் பத்தாவியாவில் பிரெஞ்சில் வெளியிட்டார். அந்தப் பிரெஞ்சிலிருந்து ஹோவர்ட் 1914இல் ஆங்கிலமாக்கினார். நம் நாட்டு நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டிய மின்ஹாஜ் அந்த ஆங்கில நூல். அரபு பிரெஞ்சாகி, பிரெஞ்சு ஆங்கிலமாகி, அதை ஒரு தமிழ்ப் பேச்சாளரான சட்டத்தரணி கட்சிக்காரருக்கு விளக்குகிறார். ஒவ்வொரு படியிலும் ஒரு சொல் நழுவினாலும் இழப்பு ஒரு விதவையின் பங்காக இருக்கலாம். மூல அரபு தெரிந்த ஆலிம் ஒருவரும் சட்டம் தெரிந்த ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வாசிக்க வேண்டியது இங்கேதான். நம்மில் அநேகமாக அவர்கள் வேறு வேறு மேசையில் இருக்கிறார்கள்.

இப்போது ஒரு நூலைக் கையில் எடுத்தால் முன்னுரையையும் வெளிவந்த வருடத்தையும் முதலில் பார்க்கிறேன். மேற்கோள் காட்டப் போகும் வரிக்கு அடிக்குறிப்பு உண்டா, உண்டென்றால் அது எங்கே போய் நிற்கிறது என்று கடைசிக் கண்ணி வரை தேடுகிறேன். மொழிபெயர்ப்பு என்றால் எதிலிருந்து என்று கேட்கிறேன். சட்டம் என்றால் இன்றைக்கும் நடைமுறையில் உண்டா என்று பார்க்கிறேன். இதில் நேரம் போகிறதுதான். ஆனால் நம் பூர்வீகம் பற்றி வெளியார் கேள்வி கேட்கும் காலம் இது. பலமில்லாத ஒரு கண்ணியை நாமே கண்டு சொல்லாவிட்டால் அதை வேறொருவர் கண்டுபிடிப்பார். அப்போது பலமான கண்ணிகளையும் சேர்த்தே சந்தேகிப்பார்கள்.

பிறகு வந்த மலருக்குத் திருத்தம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். “எட்டு இடங்களில் குடியேறினர்” என்ற இடத்தில், “குடியேறினர் என்று சந்ததியினரிடையே வழங்கிய மரபை 1827இல் ஜோன்ஸ்டன் பதிவு செய்கிறார்” என்று மாற்றினேன். மலர்க்குழுவில் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. “இருந்ததக் குறைச்சிட்டீங்களே” என்றார். தங்கச்சி மகளிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, “இப்ப சரி மாமா. இனி அந்தக் கல்லுல என்ன எழுதியிருக்கெண்டு பாப்போம்” என்றாள்.