குழாய்க்கும் காவல் வேண்டும்

பெங்களூரில் வாழும் தமிழருக்குப் பீன்யாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1970-களின் பிற்பகுதியில் உருவான அத்தொழிற்பேட்டையில் பிழைப்பைத் தேடிக்கொண்ட நம்மவர் பலர். 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1952-இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கப்பெற்ற இ.எஸ்.ஐ. திட்டம் இன்று பீன்யாவிலும் மருத்துவமனை நடத்தி வருகிறது. இடுப்பெலும்பு முறிந்தோ, பெரிய ரண சிகிச்சைக்கோ மருத்துவமனையில் சேரும் தொழிலாளிக்குக் கதீட்டர் என்னும் சிறுநீர்க் குழாய் பொருத்த நேரிடலாம். அதைப் பற்றியே இன்று சில சொற்கள்.

இக்குழாயின் நுனியில் ஒரு சிறு பலூன் உண்டு. அதில் நீரை நிரப்பி, குழாய் நழுவாமல் நிறுத்துகின்றனர். 1930-களில் அமெரிக்க மருத்துவர் பிரெடரிக் ஃபோலி வகுத்த முறை இது. பெரும் உபகாரம்தான், ஆயினும் அதில் ஓர் அபாயமும் உண்டு. சிறுநீர் இயல்பாகப் பிரிகையில், உட்புகும் கிருமிகளையும் அது அடித்துச் சென்றுவிடும். குழாய் இருக்கையில் அக்காவல் இல்லை. கிருமிகள் குழாயின் சுவரில் பாசிபோல் படலம் கட்டி மேலேறுகின்றன. அப்படலத்துள் மருந்தும் எளிதில் புகாது. குழாய் பொருத்திய நூறு பேரில், நாளொன்றுக்கு 3 முதல் 7 பேருக்குச் சிறுநீரில் கிருமி சேர்கிறது. அவர்கள் எல்லோரும் நோயுறுவதில்லை. சிலருக்கோ கிருமி இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகிறது.

ஆகவே, மருத்துவமனை ஊழியர் மனங்கொள்ள வேண்டியவை சில. படுக்கை நனைகிறது என்பதற்காக மட்டும் குழாய் பொருத்தலாகாது. பொருத்துங்கால் கை கழுவுதலும், கிருமி நீக்கிய கையுறையும் கருவிகளும் இன்றியமையாதவை. முன்னாளில் குழாயின் மறுமுனையைத் திறந்த பாத்திரத்தில் விடுவர். சில நாட்களிலேயே கிருமி புகுந்துவிடும். இன்று குழாயையும் பையையும் இணைத்து மூடி வைப்பதால் அது வெகுவாகக் குறைந்துள்ளது. அவ்விணைப்பை வீணே பிரித்தலாகாது. பை சிறுநீர்ப்பையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், தரையிலும் படக்கூடாது. பையைக் காலி செய்ய நோயாளி ஒவ்வொருவருக்கும் தனிப் பாத்திரம் வேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, தேவை தீர்ந்த அன்றே குழாயை எடுத்துவிட வேண்டும்.

துணையிருப்போருக்கும் இதில் பங்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மருத்துவமனையில் என் மாமாவை எக்ஸ்ரே எடுக்க ஸ்டிரெச்சரில் கொண்டு சென்றனர். தொங்கிய பையை எடுத்து அவர் வயிற்றின்மேல் வைத்தவன் நானே. பையில் தேங்கியது திரும்பி உள்ளே பாயக்கூடும் என்பதை நான் அறியேன். தாதி கன்னடத்தில் ஏதோ கூறினார், விளங்காமலே தலையசைத்தேன். மொழிபெயர்ப்பே என் தொழில். அன்று ஒரு வாக்கியத்திற்குப் பொருள் கேட்க நாணினேன். மூன்றாம் நாள் மாமாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. காரணம் அதுவேதான் என்று துணிந்து கூற இயலாது. அவர் குணமடைந்துவிட்டார், என் மனத்து உறுத்தல் குணமடையவில்லை.

ஆதலின் நேயர்களே, விளங்காததற்குத் தலையசைக்காதீர்கள். நாள்தோறும் காலையில் தாதியிடம் பணிவுடன், "ஈ பைப் இவத்தூ பேக்கா?" என்று கேளுங்கள். இந்தக் குழாய் இன்றும் வேண்டுமா என்பதே அதன் பொருள். அக்கேள்வி அவர்களுக்கும் ஒரு நினைவூட்டல். நம் நோயாளிக்கு ஒரு காவல்.